குழு கூப்பிட்டால் அதிகாரி எதற்குப் பதில் சொல்கிறார்?

நீங்கள் கேட்டது இது: "சட்டமன்றக் குழு, நாடாளுமன்றக் குழு என்று அடிக்கடி செய்தி வருகிறது. துறைச் செயலாளரைக் கூப்பிட்டு வறுத்தெடுத்தார்கள் என்று போடுகிறார்கள். அதற்கப்புறம் யாருக்கும் ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை. உயர் அதிகாரியைத் தண்டிக்க இவர்களுக்கு அதிகாரம் உண்டா, இல்லையா? இல்லையென்றால் எதற்கு இந்தக் குழுக்கள்?"

அதிகாரம் உண்டா என்பது சட்டக் கேள்வி, அதற்கு நாலு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். மக்கள் பணத்தில் ஒரு தவறு நடந்தால், அதைச் செய்தது இன்னார் என்று ஒரு பெயரையாவது காட்ட முடியுமா என்கிறீர்கள். அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் வழக்கறிஞன் இல்லை. தணிக்கைத் துறையில் முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் தணிக்கைப் பத்தி (அறிக்கையில் ஒரு குறையை விவரிக்கும் பகுதி) எழுதுவதிலும், அந்த அறிக்கைகளை வைத்து அரசுச் செலவை ஆராயும் பொதுக் கணக்குக் குழு கூடும்போது உறுப்பினர்களுக்குக் கேள்விகள் தயார் செய்வதிலும் போனது. ஆகவே இது மேசைக்கு ஒரு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனின் பார்வை. மறுபக்கத்தில் உட்கார்ந்த ஒரு செயலாளர் இதையே வேறு மாதிரி எழுதக்கூடும்.

முதலில் சந்தேகமில்லாதவை. இந்தியாவில் ஓர் அரசு அதிகாரியைப் பதவி நீக்கம் செய்யும் அதிகாரம் எந்தச் சட்டமன்றத்துக்கும் கிடையாது. செயலாளரை விடுங்கள், தாலுகா அலுவலக இளநிலை உதவியாளரைக்கூட அவை தீர்மானம் போட்டு நீக்க முடியாது. அரசமைப்பின் 311-ஆவது பிரிவுப்படி ஒருவரை நியமித்த அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர் அவரை நீக்க முடியாது. குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரித்து, அவர் தரப்பையும் கேட்க வேண்டும். ஐஏஎஸ் அதிகாரியை நியமிப்பவர் குடியரசுத் தலைவர் என்பதால், மாநில அரசு அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யலாம், டிஸ்மிஸ் செய்ய முடியாது. நாடாளுமன்றம் நேரடியாகக் கை வைக்கக்கூடிய பதவிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள், தலைமைத் தேர்தல் ஆணையர், இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவர் போன்றவர்கள் அதில் வருவார்கள். அதற்கும் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும்.

அமெரிக்காவில் அப்படி இல்லையே என்பீர்கள். ஆமாம், அங்கே உயர் அதிகாரிகள் பலரின் நியமனத்துக்கே செனட்டின் ஒப்புதல் வேண்டும். குற்றம்சாட்டிப் பதவி நீக்கும் வழியும் உண்டு. ஆனால் அமைச்சர் நிலையில் இருந்தவர்களில் இதுவரை அப்படிக் குற்றம்சாட்டப்பட்டவர்கள் இரண்டே பேர். 1876-இல் போர்த்துறைச் செயலாளர் பெல்க்னாப், 2024-இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலாளர் மயோர்காஸ். முதலாமவரை செனட் விடுவித்தது, இரண்டாமவர் மீதான குற்றச்சாட்டை விசாரிக்காமலே தள்ளுபடி செய்தது. அதிகாரம் ஏட்டில் இருப்பதற்கும் கைக்கு வருவதற்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது.

நம் ஊரில் ஒரு விதிவிலக்கு உண்டு, உரிமை மீறல். அதாவது அவைக்கும் உறுப்பினர்களுக்கும் உள்ள சிறப்புரிமைகளை மீறுவது. 2004-இல் கான்பூரில் ஒரு சட்டமன்ற உறுப்பினரைப் போலீசார் தடியால் அடித்த விவகாரத்தில், 2023 மார்ச்சில் உத்தரப் பிரதேசச் சட்டமன்றம் நீதிமன்றம் போலக் கூடி, ஆறு போலீஸ்காரர்களுக்கு ஒரு நாள் காவல் விதித்தது. அவை வளாகத்திலேயே ஓர் அறையில் அடைத்து வைத்தார்கள். அப்படியானால் அதிகாரம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இங்கே தண்டிக்கப்பட்டது நிர்வாகத் தவறு அல்ல, அவையின் உறுப்பினருக்கு நேர்ந்த அவமதிப்பு. ஒரு செயலாளர் நூறு கோடியை வீணடித்தால் அது உரிமை மீறல் ஆகாது. அந்த நூறு கோடியைப் பற்றிக் குழுவிடம் பொய் சொன்னால் ஆகலாம். இந்த உரிமைகள் எவை, எங்கே முடிகின்றன என்று வரையறுக்க அரசமைப்பு 1950-லேயே வழிவிட்டது. இன்றுவரை சட்டம் எழுதப்படவில்லை. எழுதப்படாத அதிகாரம் யார் பக்கம் பாயும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1987-இல் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காகப் பத்திரிகை ஆசிரியர் ஒருவரைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. இந்தக் கத்தியைக் கூர்தீட்டச் சொல்பவர்கள் அதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, குழுவால் என்னதான் முடியும்? ஆட்களை வரவழைக்க முடியும், ஆவணங்களைக் கேட்க முடியும். மக்களவை விதி 270 இதைத் தெளிவாகச் சொல்கிறது. நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடு என்று சொல்லி அரசு ஓர் ஆவணத்தைத் தர மறுக்கலாம். ஓர் ஆவணமோ சாட்சியமோ குழுவின் வேலைக்குத் தேவையா என்ற சர்ச்சை வந்தால் அவைத்தலைவர் முடிவு செய்வார். குழுக்களில் எனக்குப் பழக்கமான பொதுக் கணக்குக் குழு 1921-லிருந்து இருக்கிறது. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. 1967-லிருந்து எதிர்க்கட்சிக்காரர் தலைவராக இருப்பது மரபு. மாநிலச் சட்டமன்றங்களிலும் இதே குழு இருக்கிறது, கூடவே மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு, உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழு எல்லாம். கூட்டங்கள் மூடிய அறையில் நடக்கும், பத்திரிகைக்காரர்களுக்கு அனுமதி இல்லை. 'வறுத்தெடுத்தார்கள்' என்று நீங்கள் படித்தது, யாரோ வெளியே வந்து சொன்னது.

இதில் ஒரு வினோதம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. அரசமைப்பின் 75, 164-ஆவது பிரிவுகளின்படி அவைக்குப் பொறுப்பானது அமைச்சரவை. அதிகாரி அவைக்குப் பொறுப்பானவர் அல்ல, அவர் அமைச்சருக்குத்தான் பொறுப்பு. ஆனால் பொதுக் கணக்குக் குழு போன்ற நிதிக் குழுக்களின் முன்னால் சாட்சி சொல்ல அமைச்சரைக் கூப்பிடக் கூடாது, செயலாளர்தான் வருவார். ஆக, பொறுப்புள்ளவர் குழுவுக்கு வருவதில்லை, குழுவுக்கு வருபவர் அவைக்குப் பொறுப்புள்ளவர் அல்ல. இடையில் இருக்கும் அந்தச் சந்துக்குள்தான் முக்கால்வாசித் தவறுகள் போய் ஒளிந்துகொள்கின்றன.

அந்தச் சந்து வெட்டவெளிச்சமானது 1957–58-இல், முந்த்ரா விவகாரத்தில். புதிதாகத் தொடங்கப்பட்ட ஆயுள் காப்பீட்டுக் கழகம், 1957 ஜூனில் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அவை நல்ல நிலையில் இருந்த கம்பெனிகள் அல்ல. முதலீடு பற்றி ஆலோசனை சொல்லவென்றே இருந்த குழுவையும் முன்கூட்டிக் கேட்கவில்லை. டிசம்பரில் மக்களவையில் இதைப் போட்டு உடைத்தவர் ஃபெரோஸ் காந்தி. ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீதிபதி எம்.சி. சாக்ளாவின் ஒருநபர் ஆணையம் பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தது, சில வாரங்களில் அறிக்கையும் கொடுத்தது. இன்றைய ஆணையங்களை நினைத்துப் பார்த்தால் பெருமூச்சுதான் வருகிறது. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நிதித்துறை முதன்மைச் செயலாளர் எச்.எம். படேல். விசாரணை எங்கே போய் முட்டியது தெரியுமா? இந்தப் பங்குகளை வாங்க அமைச்சர் சம்மதித்தாரா, இல்லையா என்பதில். அமைச்சருக்குத் தெரிந்துதான் செய்தோம் என்றது அதிகாரிகள் தரப்பு. தான் ஒப்புதல் தரவில்லை என்றார் அமைச்சர். எழுத்தில் உத்தரவு இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பேற்க வேண்டும், கீழே இருப்பவர்கள் என் கொள்கைப்படி நடக்கவில்லை என்று கைகழுவ முடியாது என்று சாக்ளா சொல்லிவிட்டார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார். படேலும் பணியைவிட்டு வெளியேறினார்.

இது பொறுப்புக்கூறலின் வெற்றிக் கதையாகப் பாடப்புத்தகங்களில் வரும். மிச்சத்தையும் சொல்ல வேண்டும். டி.டி.கே. 1962-இல் அமைச்சரவைக்குத் திரும்பினார், 1963-இல் மறுபடி நிதியமைச்சரே ஆனார். படேல் அரசியலுக்கு வந்து 1977-இல் மொரார்ஜி தேசாய் அமைச்சரவையில் நிதியமைச்சர் ஆனார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தண்டனை என்று பார்த்தால் அவை கொடுத்தது மிகச் சிறியது, தற்காலிகமானது. ஆனால் என்ன நடந்தது, யார் இருந்த அறையில் நடந்தது என்பது அறுபது எழுபது வருடம் கழித்தும் பதிவில் இருக்கிறது. என் அனுபவத்தில், ஓர் அவையால் உருப்படியாகச் செய்ய முடிந்தது இதுதான். தண்டனை கொடுப்பது அதன் கையில் இல்லை, பெயரோடு பதிவு செய்ய வைப்பது அதன் கையில் இருக்கிறது. அதற்குக் காகிதம் வேண்டும். எனவே உங்கள் கேள்வியின் முடிச்சு குழு கூடும் அறையில் இல்லை, வருடங்களுக்கு முன்னால் எழுதப்பட்ட கோப்பில் இருக்கிறது.

கோப்பு படித்தவர்களுக்கு இது தெரியும். கீழிருந்து ஒரு பிரிவு அலுவலர் 'இதற்கு விதியில் இடமில்லை' என்று எழுதி அனுப்பியிருப்பார். மேலே 'பேசவும்' என்று ஒற்றை வார்த்தை இருக்கும், சுருக்கொப்பத்தோடு. அடுத்த குறிப்பு 'பேசியபடி வரைவு ஆணை சமர்ப்பிக்கப்படுகிறது' என்று தொடங்கும். 'பேசவும்' என்பதற்கும் 'பேசியபடி' என்பதற்கும் நடுவில் என்ன பேசினார்கள், யார் சொன்னார்கள், விதி எப்படித் திடீரென்று இடம் கொடுத்தது என்பது எதிலும் இருக்காது. எங்களுக்கு வேண்டியதெல்லாம் அந்த இடைவெளிதான். ஒரு கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர், படிப்பு அதிகமில்லாதவர், அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு செயலாளரிடம், "அய்யா, எல்லாம் புரியுது. இவங்க ரெண்டு பேரும் என்ன பேசினாங்க, அத மட்டும் சொல்லுங்க" என்றார். செயலாளருக்குத் தெரியாது. அவர் அந்தத் துறைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. முடிவெடுத்தவர் அவருக்கு முன்னால் இருந்தவர்களில் நாலாமவர், ஓய்வும் பெற்றுவிட்டார். 'விவரம் பெற்றுச் சமர்ப்பிக்கப்படும்' என்று எழுதிக்கொண்டார்கள். அந்தப் பத்தி நான் ஓய்வு பெறும்போதும் முடியாமல் இருந்தது.

பிரிட்டனில் இந்த இடைவெளியை அடைக்க ஒரு பழைய ஏற்பாடு உண்டு. துறையின் மூத்த அதிகாரி அந்தத் துறைப் பணத்துக்குத் தனிப்பட்ட முறையில் கணக்குச் சொல்ல வேண்டியவர். இது 1866-இன் தணிக்கைச் சட்டக் காலத்திலிருந்து வளர்ந்து வந்த பொறுப்பு. அமைச்சர் சொல்லும் செலவு முறையானதல்ல, அல்லது பணத்துக்கு ஏற்ற பயன் தராது என்று அவருக்குப் பட்டால், "எனக்கு உடன்பாடில்லை, எழுத்தில் உத்தரவிடுங்கள்" என்று கேட்கலாம். உத்தரவு வந்தால் செய்தாக வேண்டும், ஆனால் பழி அமைச்சருக்குப் போய்விடும், காகிதம் தணிக்கைத் துறைக்குப் போய்ச் சேரும். 1991-இல் மலேசியாவின் பெர்காவு ஆற்றில் அணை கட்ட 234 மில்லியன் பவுண்டு உதவி தர வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் முடிவெடுத்தபோது, வெளிநாட்டு உதவித் துறையின் மூத்த அதிகாரி டிம் லாங்கெஸ்டர் இப்படித்தான் எழுத்து உத்தரவு கேட்டு வாங்கினார். அணை கட்டப்பட்டது, அதை அவரால் தடுக்க முடியவில்லை. ஆனால் 1993-இல் தணிக்கை அறிக்கையில் அந்தக் காகிதம் வெளியே வந்தது, நாடாளுமன்றக் குழு கையில் எடுத்தது, ஒரு தன்னார்வ அமைப்பு வழக்குப் போட்டது. அந்த உதவி சட்டவிரோதம் என்று 1994 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஹர்ட் பதவி விலகவில்லை. ஆனாலும் அதிகாரி எழுதிக் கேட்ட ஒரு குறிப்பு மூன்று வருடம் கழித்துத் தன் வேலையைச் செய்தது.

நம்மிடம் இதற்கு ஈடானது இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மேலதிகாரியின் உத்தரவு சாதாரணமாக எழுத்தில் இருக்க வேண்டும், வாய்மொழியாக வந்தால் பிறகு எழுத்தில் உறுதி செய்து வாங்க வேண்டும் என்று 1968-இன் அகில இந்தியப் பணிகள் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்ரமணியனும் ஓய்வு பெற்ற வேறு பல அதிகாரிகளும் தொடுத்த வழக்கில், 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. வாய்மொழி உத்தரவின் பேரில் அதிகாரிகள் இயங்கக் கூடாது, பதிவு செய்ய வேண்டும், பதிவே இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைக்குப் பொருளில்லாமல் போய்விடும் என்றது தீர்ப்பு. விதி இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. எழுதிக் கேட்ட அதிகாரியை அடுத்த வாரமே வேறு ஊருக்கு மாற்றுவதைத் தடுக்கத்தான் ஏற்பாடு எதுவும் கெட்டியாக நிற்கவில்லை. குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இடமாற்றல் பட்டியல்களைப் படிக்கிறவர்களுக்கு அதன் கதி தெரியும்.

இன்னொரு எதிரி, காலம். தணிக்கை அறிக்கை ஆளுநரிடமோ குடியரசுத் தலைவரிடமோ போய், அவர் வழியாக அவையில் வைக்கப்பட வேண்டும் என்கிறது 151-ஆவது பிரிவு. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. கூட்டத்தொடரின் கடைசி நாள் மாலை வைத்துவிட்டால் விவாதமும் இல்லை, அடுத்த நாள் தலைப்புச் செய்தியும் ஒரு நாளோடு போச்சு. நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்கப்பட்ட 4 மாதத்துக்குள் துறைகள் விளக்கம் தர வேண்டும். குழு பரிந்துரை செய்தால் 6 மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கையைச் சொல்ல வேண்டும். இவை ஏட்டில் உள்ள கெடுக்கள். ஓர் அறிக்கையில் வரும் பத்திகள் எல்லாவற்றையும் குழுவால் விசாரிக்க முடியாது, சிலவற்றைப் பொறுக்கி எடுக்கும். மிச்சம் எழுத்து மூலமான பதிலோடு நகரும். குழு ஒரு வருடத்துக்குத்தான், அடுத்த வருடம் புதிய முகங்கள். விஷயம் பிடிபட்ட உறுப்பினர் வெளியே போயிருப்பார்.

இனி சந்தேகத்துக்குரியது. இந்தக் குழுக்களால் அதிகாரிகளின் நடத்தை மாறுகிறதா? என்னிடம் இருப்பது அனுமானம், நிரூபணம் அல்ல. 'இது குழுவுக்குப் போனால் என்ன சொல்வது' என்ற கேள்வி கோப்புகளில் எழுவதை நானே பார்த்திருக்கிறேன். அப்படித் தடுக்கப்பட்ட தவறு எந்த அறிக்கையிலும் வராது, அதனால் எண்ண முடியாது. இதே பயத்தால் நேர்மையானவர்கள் முடிவே எடுக்காமல் கோப்பை இன்னொரு மேசைக்குத் தள்ளுவதையும் பார்த்திருக்கிறேன், அந்த நஷ்டமும் எண்ணில் வராது. எது பெரியது என்று என்னைக் கேட்டால், முதலாவது என்பேன். ஆனால் தணிக்கைக்காரன் வேறென்ன சொல்வான்?

கட்சி அரசியல் உள்ளே நுழைந்தால் குழு உடைந்துவிடும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் குறைவு. 2ஜி அலைக்கற்றை பற்றிய பொதுக் கணக்குக் குழுவின் வரைவு அறிக்கையை 2011-இல் அப்போதிருந்த 21 உறுப்பினர்களில் 11 பேர் நிராகரித்தார்கள். தலைவராக இருந்த முரளி மனோகர் ஜோஷி அதை அவைத்தலைவரிடம் கொடுத்தார், அவைத்தலைவர் திருப்பி அனுப்பிவிட்டார். மூடிய அறையில் கூடுவதை நான் முழுதாகக் குறை சொல்லாததற்குக் காரணம் இதுதான். கேமரா இல்லாதபோது ஆளுங்கட்சி உறுப்பினரும் நல்ல கேள்வி கேட்பார், கேட்டிருக்கிறார்கள். ஆனால் அறிக்கை வைக்கப்பட்ட பிறகு சாட்சியங்களையாவது எளிதாகக் கிடைக்கும்படி எல்லா மாநிலங்களும் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரிந்ததில்லை.

உங்களால் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கோப்புக் குறிப்புகளும் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தகவல்தான். 'பேசவும்' பக்கத்தின் நகலை நீங்களே கேட்டு வாங்கலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் ஒரு வாசகம் இருந்தது. எங்களுக்கெல்லாம் மிகவும் பிடித்த வாசகம். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த இடத்தை மாற்றி எழுதி அதை எடுத்துவிட்டது. அப்புறம், குழு அறிக்கைகளைத் தேடும்போது முதல் அறிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்கு அடுத்து வரும் 'எடுக்கப்பட்ட நடவடிக்கை' அறிக்கையைத் தேடுங்கள். நாடாளுமன்றக் குழுக்களின் இந்த அறிக்கைகளில் இரண்டாம் அத்தியாயம் அரசு ஏற்றுக்கொண்ட பரிந்துரைகள், மூன்றாவது குழு மேற்கொண்டு வற்புறுத்தாமல் விட்டவை, ஐந்தாவது இடைக்காலப் பதில் மட்டும் வந்தவை. நான்காவது, அரசின் பதிலைக் குழு ஏற்க மறுத்தவை. நான் எப்போதும் நான்காவதிலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன்.